56-க்கு இறங்க வேண்டாம்

அன்புள்ள கண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். போனில் பேச்செடுத்தால் மாஸ்டர் கூப்பிடுகிறார் என்று வைத்துவிடுவாய், அதனால்தான் கடிதம்.

சர்வதேச கிக்பாக்ஸிங் போட்டிக்கு நீ 56 கிலோ பிரிவில் இறங்கப்போவதாகத் தம்பி சொன்னான். உன் எடை இப்போது 61. ரிங்கில் மோதும் பெண்களுக்கு 48, 52, 56, 60, 65, 70, அதற்கு மேல் என்று பிரிவுகள் இருக்கின்றன. 65-இல் போய் உன்னைவிடக் கனத்தவளிடம் அடி வாங்கு என்று நான் சொல்லவில்லை. ஒரு கிலோ குறைத்து 60-க்கு வா, அதைத் தடுக்க மாட்டேன். ஐந்து கிலோ என்பது வேறு சங்கதி.

56-இல் ஆட்கள் குறைவு, அரையிறுதியில் தோற்கிற இருவருக்குமே வெண்கலம் உண்டு என்று கணக்குப் போட்டிருக்கிறாயாம். எதிரில் நிற்கப்போகிறவளும் அதே கணக்கோடு 60-இலிருந்து இறங்கி வந்திருந்தால் என்ன செய்வாய்?

ஒரு வாரத்தில் ஐந்து கிலோ இறங்கினால் அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். உன் உடம்பில் நூற்றுக்கு எட்டுப் பங்கு! வயிற்றுப்போக்கில் அந்த அளவு வற்றிப்போன குழந்தையைத் தூக்கி வந்தால், ஓ.ஆர்.எஸ். கரைத்துக்கொண்டே ஆம்புலன்ஸுக்குச் சொல்லிவிடுவேன். நீ அதை ஸ்வெட்டர் போட்டு ஓடி, வேண்டுமென்றே வரவழைக்கப்போகிறாய். மாதவிலக்கு நெருங்கும்போது உடம்பில் தானாகவே நீர் கோத்து எடை கூடும். அந்த வாரத்தில் தராசு ஏறினால்? இதை மாஸ்டரிடம் சொல்ல நீ கூச்சப்படுவாய், எனக்குத் தெரியும். பட்டினி நீண்டால் மாதவிலக்கே நின்றுபோகும், எலும்பும் வலுவிழக்கும்.

உன்னுடையது முழு பலத்தோடு அடித்து மோதும் ஃபுல் கான்டாக்ட். இரண்டு இரண்டு நிமிடமாக மூன்று ரவுண்ட், இடையில் ஒரு நிமிடம்தான் ஓய்வு. ஒவ்வொரு ரவுண்டிலும் இடுப்புக்கு மேலே குறைந்தது ஆறு கிக் காட்டியாக வேண்டும். வற்றிய காலை மூன்றாவது ரவுண்டில் எப்படித் தூக்குவாய்? தலையில் ஹெட் கார்ட் இருக்கிறது என்பாய். அது நெற்றி கிழியாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதைத் தடுக்காது.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் மல்யுத்த வீராங்கனை வினேஷ் போகாட்டுக்கு நடந்ததை நாம் சேர்ந்துதான் டிவியில் பார்த்தோம். 53 கிலோவில் ஆடிக்கொண்டிருந்தவர் 50-க்கு இறங்கினார். முதல் நாள் மூன்று பேரை வென்று இறுதிப்போட்டிக்குப் போனார். இரவெல்லாம் உடற்பயிற்சி செய்து, முடியைக்கூட வெட்டிப் பார்த்தும், காலையில் 100 கிராம் கூடுதல் என்று தகுதி நீக்கம் செய்துவிட்டார்கள். நம் வீட்டில் ஒரு தடவை வாங்கும் டீத்தூள் பாக்கெட் அவ்வளவுதான் இருக்கும். உலகத்தரப் பயிற்சியாளரும் மருத்துவரும் கூடவே இருந்தும் இந்தக் கதி. உனக்கு அங்கே யார் இருக்கிறார்கள், ஹாஸ்டல் வார்டனா?

'கிக்பாக்ஸிங் ஒலிம்பிக்கில் இருக்கிறதா?' என்று பெரியப்பா இன்னமும் கேட்கிறார். 2021-லேயே ஒலிம்பிக் கமிட்டி அங்கீகாரம் கொடுத்துவிட்டது, ஆட்டப் பட்டியலில்தான் இன்னும் சேர்க்கவில்லை என்று நான்தான் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தாதே. சோற்றைக் குறைத்து முட்டையும் சுண்டலும் சேர்த்துக்கொள். படிவத்தில் 60 என்று எழுதிவிட்டு ஒரு போன் போடு. மாஸ்டர் கோபித்துக்கொண்டால் நம்பரை அனுப்பு, நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா