சுடுசோற்றின் கீழே பொலித்தீன்: உள்ளூராட்சி சபைக்கும் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தவிசாளர் அவர்களுக்கும், சபை உறுப்பினர்களுக்கும், எங்கள் பகுதியின் பொதுச் சுகாதாரப் பரிசோதகர்களுக்கும்,

வணக்கம். மட்டக்களப்பின் சின்னச் சாப்பாட்டுக் கடைகளை மனமார நேசிக்கும் ஒருவனாக இம்மடலை எழுதுகிறேன். எந்தக் கடையில் புளியாணம் பதமாக இருக்கும், எங்கே நண்டுக் கறிக்கு முருங்கையிலை போட மறக்கமாட்டார்கள், யாருடைய பிட்டு ஆறிய பிறகும் மெத்தென்று இருக்கும் என்று தேடித் தேடிச் சென்று உண்பவன் நான். வீட்டில் சமையல் இல்லாததால் கடைக்குப் போகிறவன் அல்லன். அந்தக் கடைகளின் கைப்பக்குவத்துக்காகவே போகிறவன். அந்த உரிமையில் கேட்கிறேன்: சுடுசோற்றின் கீழே விரிக்கப்படும் பொலித்தீன் தாளை எங்கள் கடைகளிலிருந்து எடுக்கச் செய்யுங்கள்.

அண்மையில், பட்டணத்தில் ஓர் அலுவலுக்காகப் வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரையிலிருந்து வந்திருந்த என் பெரியப்பாவை நான் வழமையாகச் சாப்பிடும் கடையொன்றுக்கு அழைத்துச் சென்றேன். கோப்பையின், அதாவது சாப்பாட்டுத் தட்டின், மேல் லஞ்ச் ஷீட் எனப்படும் அந்தப் பொலித்தீன் தாளை விரித்து, அதன்மேல் ஆவி பறக்கும் நாட்டரிசிச் சோற்றைப் போட்டார்கள். சூடு பட்டதும் தாள் இளகிச் சுருங்கியது. சுருங்கிய இடமெல்லாம் மடிப்பு விழுந்து, ஊற்றிய புளியாணம் சோற்றில் ஊறாமல் அந்த மடிப்புகளுக்குள் போய்த் தேங்கியது. பிசையப் போனால் தாளும் கையோடு வந்தது. இடக்கையால் தாளின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு வலக்கையால் உண்ண வேண்டியிருந்த அவர், முதல் கவளத்திலேயே முகம் சுளித்தார். கறியின் வாசனையை முந்திக்கொண்டு, சூடேறிய பொலித்தீனின் வாடைதான் வந்தது. "தம்பி, இந்தத் தாளை எடுத்துப்போட்டு வெறுங்கோப்பையில் போடுங்கள்" என்று மிகவும் பணிவாகக் கேட்டார். "ஏலாது ஐயா, சுகாதாரக்காரர் வந்தால் எங்களுக்குத்தான் பேச்சு விழும்" என்றான் பரிமாறிய பையன். நெல் விளைவித்தே வாழ்ந்த அந்த மனிதர் அரைவாசிச் சோற்றை அப்படியே விட்டுவிட்டு எழுந்து கை கழுவினார். சோற்றை மிச்சம் வைத்து அவர் எழுந்ததை நான் முன்னர் கண்டதில்லை.

அந்தப் பையன் சொன்னது உண்மையா என்பதை நீங்கள்தான் எங்களுக்குச் சொல்ல வேண்டும். கொழும்பை அடுத்த மீதொட்டமுல்லையில் குப்பைமேடு சரிந்து 32 உயிர்களைக் கொண்டுபோன அதே 2017ஆம் ஆண்டில், செப்டெம்பர் 1ஆம் திகதி முதல், பொலித்தீனால் ஆன லஞ்ச் ஷீட்டை உற்பத்தி செய்வதும் விற்பதும் பயன்படுத்துவதும் இந்த நாட்டில் தடைசெய்யப்பட்டன. அந்த வரலாற்றை உங்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஆனால் தடைசெய்யப்பட்ட தாளைச் சுகாதாரத்தின் பெயரால் விரிக்க வேண்டும் என்று ஒரு கடைப் பையன் நம்பிக்கொண்டிருக்கிறான் என்றால், அவனுக்குச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவர் யார், சொல்லிக் கொடுக்காமல் விட்டவர் யார் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை. மக்கும் தாள் என்று கூறி விற்கப்படுவனவும் உள்ளன என்பது எனக்குத் தெரியும். மேசையில் விரித்திருப்பது எது என்று கண்ணால் பார்த்துக் கண்டறிய எங்களால் முடியாது. அந்தச் சோதனை உங்கள் கையில்தான் இருக்கிறது. பிளாஸ்டிக்கில் சேர்க்கப்படும் இரசாயனப் பொருட்கள் சூட்டிலும் எண்ணெயிலும் கூடுதலாக உணவுக்குள் இறங்கும் என்பதும் நீங்கள் படித்து அறிந்த விடயமே. எங்கள் சோறு சுடச்சுட வருகிறது. எங்கள் கறியில் எண்ணெய் மிதக்கிறது.

கடைக்காரர்களின் பக்கத்தையும் நான் அறிவேன். கோப்பை கழுவ ஆள் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் சம்பளம் கட்டாது என்கிறார்கள். தாள் இல்லாவிட்டால் கோப்பை அழுக்கு என்று வாடிக்கையாளரே சண்டைக்கு வருகிறார்கள் என்பதும் பொய்யன்று. ஆனால் அழுக்குக் கோப்பைக்கு மருந்து சவர்க்காரமும் சுடுநீருமே தவிர, அழுக்கை மூடி மறைக்கும் ஒரு தாள் அன்று. கோயில் அன்னதானத்துக்கு வாழையிலையும் தாமரை இலையும், காத்தான்குடியில் பலர் கூடியிருந்து உண்ணும் சஹன் என்னும் பெரிய தட்டும் என்று, பொலித்தீன் இன்றியே ஊருக்குச் சோறு போட்ட மண் இது.

உண்டு முடித்ததும் அந்தத் தாள் மிச்சச் சோற்றோடு சுருட்டப்பட்டுக் குப்பைக்குப் போகிறது. அம்பாறை பள்ளக்காட்டுக் குப்பைமேட்டில் பிளாஸ்டிக்கை உண்டு சுமார் எட்டு ஆண்டுகளில் 20 யானைகள் வரை இறந்ததாக 2022இல் செய்தி வந்தபோது, உணவு சுற்றிய பொலித்தீனும் அவற்றின் வயிற்றில் இருந்ததாகச் சொல்லப்பட்டது. சோற்று வாசனை ஏறிய தாளை யானை எப்படி விலக்கும்? எங்கள் வாவிக்கரையில் ஒதுங்கிக் கிடப்பவற்றையும் நான் விவரிக்க வேண்டியதில்லை. அவ்வழியால் தினமும் போகிறீர்கள்.

சொல்லத் தொடங்கினால் குறைகள் நீளுகின்றன. விலைப்பட்டியல் தொங்காத கடைகளும், சவர்க்காரம் இல்லாத கைகழுவும் தொட்டிகளும், பெண்கள் ஆறுதலாக இருந்து உண்ண இடமில்லாத கூடங்களும் எத்தனை! திடீர்ச் சோதனை என்று படங்கள் வெளிவரும் சில நாட்களில் எல்லாம் பளபளக்கின்றன. பிறகு பழையபடி ஆகிவிடுகின்றன. பழுதான இறைச்சியைக் கைப்பற்றி அழித்தால் மெச்சுகிறோம். அதே கடையின் ஒவ்வொரு மேசையிலும் கிடக்கும் தாள் மட்டும் எவர் கண்ணிலும் படாமல் போவது எங்களுக்கு விளங்கவில்லை. கோபத்தில் சொல் தடித்திருந்தால் மன்னியுங்கள். இன்று நான் கேட்டு வந்தது ஒன்றைத்தான்: சுடுசோற்றின் கீழிருந்து பொலித்தீனை எடுக்கச் செய்யுங்கள்.

உணவகங்களுக்கான அனுமதிப்பத்திரத்தை ஆண்டுதோறும் புதுப்பித்துக் கொடுப்பது உங்கள் சபை. அடுத்த முறை புதுப்பிக்கும்போது, கழுவிய கோப்பையில் அல்லது இலையில் மட்டுமே உணவு பரிமாறப்படும் என்பதை ஒரு நிபந்தனையாகச் சேர்க்கும்படி தாழ்மையுடன் வேண்டுகிறேன். அதற்கு முன்னர் கடைக்காரர்களை அழைத்துப் பேசி, ஆயத்தமாவதற்குப் போதிய அவகாசம் கொடுங்கள். தாள் விரிக்கும் சிறு கடையை மட்டும் பிடிக்காமல், அதை மொத்தமாகக் கொண்டுவந்து விற்பவர்களிடமும் செல்லுங்கள். தண்டம் விதிக்க நேர்ந்தால் அது முதலாளியோடு நிற்கட்டும், பரிமாறும் பையனின் சம்பளத்தில் கழிபடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். வெறுங்கோப்பை கேட்கும் வாடிக்கையாளருக்கு அதை மறுக்கக் கூடாது என்ற அறிவித்தலை மட்டும் இந்த மாதமே ஒவ்வொரு கடைச் சுவரிலும் ஒட்டச் செய்யுங்கள்; அதற்கு எவரும் ஆயத்தமாக வேண்டியதில்லை.

இங்ஙனம்,
உங்கள் பகுதிக் கடைகளில் நாளாந்தம் உண்ணும் ஒருவன்,
மட்டக்களப்பு