மிக்-21 போய்விட்டது, அடுத்தது எங்கே?

அன்புள்ள சுந்தரம்,

நாங்கள் நலம். நடைக்குப் போகிறேன் என்று கிளம்பி டீக்கடையில் உட்கார்ந்துகொள்கிறாயாம், தங்கச்சி போனில் எல்லாம் சொல்லிவிட்டாள். சர்க்கரை குறைந்த மாதிரிதான்!

2025 செப்டம்பர் 26-ல் சண்டிகரில் மிக்-21 போர் விமானத்துக்கு விடைகொடுத்ததை டிவியில் பார்த்திருப்பாய். விமானப்படைத் தளபதி ஏ.பி. சிங்கே ஓட்டினார். தண்ணீர் பீய்ச்சி மரியாதை, பேச்சு, கைதட்டல். எனக்கு நினைவுக்கு வந்தது டெயில் ஷூட்தான், இறங்கும்போது வேகத்தைக் குறைக்க வாலிலிருந்து விரியுமே, அந்தப் பாராசூட். குஜராத் நலியா தளத்து வெயிலில் ஓடுபாதைக் கடைசியில் கிடக்கிறதைப் பொறுக்கி வந்து, மண் தட்டி, மடித்து, முழங்காலால் அமுக்கித் திணிப்போமே. நீ அமுக்கினால் மட்டும் ஒரே தடவையில் உள்ளே போகும். உடம்பு அப்படி.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். விழா முடிந்த மறுநாள் கணக்கு என்ன தெரியுமா? இருக்க வேண்டியது 42 ஸ்குவாட்ரன், அதாவது போர் விமானப் பிரிவு; மிஞ்சியது 29. ஒன்றுக்குப் பதினாறு விமானம் என்று வைத்தாலும் இருநூறுக்கு மேல் குறைகிறது. 1963-ல் வந்ததை 62 வருஷம் ஓட்டியதைச் சாதனை என்கிறார்கள். மாற்று வராததால் ஓட்டினோம் என்று ஒருத்தராவது சொன்னாரா?

2007-ல் 126 விமானத்துக்கு டெண்டர். 2012-ல் பிரான்ஸின் ரஃபேல்தான் என்று தேர்வு. அப்புறம் பேச்சு, பேச்சு, பேச்சு. 2016-ல் கையெழுத்தானது 36-க்கு. நம் நாட்டிலேயே செய்கிற தேஜஸ் மார்க்-1ஏ 83 வேண்டும் என்று 2021-ல் ஒப்பந்தம் போட்டார்கள். 2024-லேயே வரத் தொடங்கியிருக்க வேண்டும், விழா நாள் வரை ஒன்றுகூட ஸ்குவாட்ரனுக்கு வரவில்லை. அமெரிக்காவிலிருந்து முதல் இன்ஜின் வந்ததே 2025 மார்ச்சில்தான். இதில் மிக்-21 விழாவுக்கு முந்தின நாள் இன்னும் 97-க்குக் கையெழுத்து, 62,370 கோடி! வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் காகிதத்தில் இருக்கிற விமானத்தில் பையன்கள் எப்படிப் பறப்பார்கள்? நீ எல்லாப் பழியையும் தேஜஸைச் செய்கிற அரசு நிறுவனம் எச்.ஏ.எல். தலையில் போடுவாய். இன்ஜினைக்கூட நாமே செய்ய முடியாமல் நாற்பது வருஷத்தைக் கழித்ததற்கு அவர்கள் மட்டுமா பொறுப்பு?

என்னைத் தூங்கவிடாதது ஜாகுவார், அந்தப் பழைய தாக்குதல் விமானம். உலகத்தில் அதை இன்னும் ஓட்டுவது நாம் ஒருத்தர்தான். பிரான்ஸ்காரன் கழித்துக்கட்டியதை உதிரிபாகத்துக்கு வாங்கிப் பிரித்துப் போடுகிறோம். 2025-ல் மட்டும் மார்ச், ஏப்ரல், ஜூலை என்று மூன்று விழுந்துவிட்டன. மூன்று பைலட்டுகள் போய்விட்டார்கள். காரணத்தை விசாரணைதான் சொல்ல வேண்டும். ஆனால் பழைய விமானத்தில் கை வைத்தவனுக்கு, அதை ஒவ்வொரு நாளும் பறக்கத் தயாராக்குவது என்ன பாடு என்று தெரியும்.

ஒரு நல்ல சேதி. நம்ம 45-ஆவது ஸ்குவாட்ரனை மூடிவைத்திருந்து 2016-ல் தேஜஸோடு திரும்ப எழுப்பினார்களே, அது இருப்பது இங்கே சூலூரில்தான். வீட்டுக்கு மேலேயே போகிறது. சத்தம் கேட்டால் சோற்றுக் கையோடு வாசலுக்கு ஓடுகிறேன், இவள் தலையில் அடித்துக்கொள்கிறாள்.

உன் இளையவன் விமானப்படை அதிகாரித் தேர்வு ஏஃப்கேட் எழுதலாமா என்று கேட்டிருந்தாய். எழுதட்டும். இவ்வளவும் எழுதிவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று திட்டாதே. பயமில்லாமல் சொல்லவில்லை. அவனிடம் நீ ஒளிக்காமல் எல்லாவற்றையும் பேசு, முடிவை அவன் எடுக்கட்டும்.

சர்தார்ஜி நம்பர் மாறிவிட்டதா? கடைசி வரை ஜாகுவாரில் இருந்தவன் அவன்தான், கேட்க நிறைய இருக்கிறது. கிடைத்தால் உடனே அனுப்பு.

உன்,
ராஜு