பந்தைத் தேடி நாணலுக்குள் இறங்க வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோல்ஃப் பற்றி நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கங்களில் வரும் செய்திகள் பெரும்பாலும் வென்றவரின் பெயரையும் பரிசுத் தொகையையும் சொல்லி முடிந்துவிடுகின்றன. சுற்றுலாப் பக்கத்தில் வந்தாலோ, மரங்களும் நீர்ப்பரப்பும் சூழ்ந்த புல்வெளியின் வண்ணப்படத்தோடு நின்றுவிடுகின்றன. ஆட்டம் எப்படி நடக்கிறது என்பது இரண்டிலும் இருப்பதில்லை. காடும் ஈரநிலமும் சூழ்ந்த திடல்களில் ஆடிப் பழகியவன் என்ற முறையில், அந்தப் படங்களில் பின்னணியாகத் தெரியும் மரங்களும் நாணலும்தான் அங்கே ஆட்டத்தை நடத்துகின்றன என்பதையும், ஈரநிலத்துக்குள் கால் வைக்காமல் ஆடச் சொல்லும் விதி அந்த ஆட்டத்துக்கு எவ்வளவு பொருந்தியது என்பதையும் சொல்லவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

கடற்கரையை ஒட்டிய மணல்மேட்டுத் திடல்களில் காற்று மறைவின்றி வீசும். அதைக் கணக்கில் வைத்து ஆடலாம். மரங்கள் அடர்ந்த திடலில், முதல் அடியை அடிக்கும் டீ மேடையில் நிற்பவருக்குச் சட்டையின் நுனிகூட அசையாது. பந்து மர உச்சியைத் தாண்டி எழுந்த பிறகுதான் மேலே ஓடும் காற்றிடம் சிக்கும். ஆகவே புல்லைக் கிள்ளித் தூவிப் பார்ப்பதைவிட, உச்சிக் கிளைகளையும் பக்கத்து நீர்ப்பரப்பில் ஓடும் சிற்றலைகளையும் பார்ப்பதே பயன் தரும். ஈரக்காற்று கனமானது, அது பந்தை இழுத்துப் பிடிக்கும் என்று பலரும் உறுதியாகச் சொல்வதுண்டு. நீராவி உலர்ந்த காற்றைவிட இலேசானது என்பதால் அந்தக் கருத்து சரியன்று. காலை வேளையில் பந்து குறைவாகப் போவதற்குக் குளிர்ந்த காற்றின் அடர்த்தியும், விழுந்த பந்தை உருளவிடாத நனைந்த தரையுமே காரணங்கள்.

புதிதாக ஆட வருபவர்கள் தண்ணீரைக் கண்டு அஞ்சுகிறார்கள். உண்மையில் அஞ்ச வேண்டியது மரக்கூட்டத்தைத்தான். நீர்ப்பரப்பு போன்ற, சிவப்புக் குச்சிகளால் குறிக்கப்பட்ட பெனால்டி பகுதிக்குள் பந்து போய்விட்டால், ஒரு தண்ட அடியைக் கணக்கில் சேர்த்துக்கொண்டு, பந்து கடைசியாக எல்லையைக் கடந்த இடத்திலிருந்து இரண்டு மட்டை நீளத்துக்குள், குழிக்கு நெருங்காத ஓரிடத்தில் வேறொரு பந்தை முழங்கால் உயரத்திலிருந்து விட்டு ஆட்டத்தைத் தொடரலாம். காட்டுக்குள் பந்து தொலைந்தால் இந்தச் சலுகை பொதுவாகக் கிடைக்காது. தேடுவதற்கு 3 நிமிடங்கள் மட்டுமே உண்டு. 2019-இல் விதிகள் திருத்தப்படும் வரை அது 5 நிமிடங்களாக இருந்தது. அதற்குள் கிடைக்காவிட்டால், தண்ட அடியையும் ஏற்று, முன்பு அடித்த இடத்துக்கே திரும்பி நடக்க வேண்டும். பின்னால் வரும் குழுவினர் காத்து நிற்க, தலை குனிந்து டீ மேடைக்குத் திரும்பும் அந்த நடையைத் தவிர்க்கத்தான், முதற்பந்து தொலைந்திருக்கலாம் என்று தோன்றியதும் அங்கிருந்தே தற்காலிகப் பந்து ஒன்றை அடித்து வைக்கும் வழக்கம் இருக்கிறது. அதை அடிக்கும் முன், இது தற்காலிகப் பந்து என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும்; சொல்லாமல் அடித்தால் அதுவே ஆட்டத்துப் பந்தாகிவிடும், முதற்பந்து பிறகு கண்ணெதிரே கிடைத்தாலும் பயனில்லை. பந்து நீருக்குள்தான் போனது என்பது உறுதியாகத் தெரிந்திருந்தால் தற்காலிகப் பந்துக்கு இடமே இல்லை என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

காட்டுக்குள் பந்து கிடைத்துவிட்டால் அடுத்த சோதனை தொடங்குகிறது. இரண்டு அடிமரங்களுக்கு இடையே, குழி அமைந்த குறும்புல் பரப்பான கிரீனின் கொடி தெரியும்; அந்தச் சந்து வழியே அடித்துவிடலாம் என்று மனம் சொல்லும். பந்து மரத்தில் பட்டுத் தெறித்து இன்னும் ஆழமாக உள்ளே போவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. பக்கவாட்டிலோ, சற்றுப் பின்னோக்கியோகூட, அகலமான திறப்பு எங்கே இருக்கிறதோ அங்கே பந்தைத் தாழ்வாகத் தள்ளி, டீ மேடைக்கும் கிரீனுக்கும் இடையே புல் வெட்டிய பாதையான ஃபேர்வேக்கு வருவதே அறிவுடைமை. ஐந்தாம் எண் அயர்ன் என்னும் மட்டையை எடுத்து, பந்தைப் பின்காலுக்கு அருகே வைத்து, கைகள் பந்துக்கு முன்னே இருக்குமாறு பிடித்து, வீச்சைக் குறுக்கி அடித்தால் பந்து கிளைகளுக்குக் கீழேயே ஓடிவிடும். பார்ப்பவர் எவரும் கைதட்டாத அடி அது. ஆனால் இத்தகைய திடலில் நல்ல கணக்கோடு திரும்புபவர்கள் அத்தகைய அடிகளால்தான் திரும்புகிறார்கள்.

இனி ஈரநிலத்துக்கு வருகிறேன். திடலின் குழு, சூழல் காரணங்களுக்காக ஒரு பகுதியை ஆடக் கூடாத பகுதியாக அறிவிக்க கோல்ஃப் விதிகள் இடம் தருகின்றன. அங்கே நடப்படும் குச்சிகளின் முனையில் பச்சை நிறம் பூசுவது விதிகள் பரிந்துரைக்கும் முறை. அத்தகைய பெனால்டி பகுதிக்குள் பந்து கரையோரப் புல்லில், அடிப்பதற்கு வாகாக, கண்ணுக்கு முன்னே கிடந்தாலும் அங்கிருந்து அடிக்கக் கூடாது. ஒரு தண்ட அடியை ஏற்று வெளியே வந்துவிட வேண்டும். மீறி அடித்தால், அடிகளை எண்ணி ஆடும் போட்டியில் 2 தண்ட அடிகள் சேரும். பந்து வெளியே கிடந்து, நிற்கும் காலோ மட்டையின் வீச்சோ உள்ளே போகுமானால், பொதுவாகத் தண்டம் ஏதுமின்றி நகர்ந்து ஆட வழியுண்டு. ஆனால் நகர்ந்தே தீர வேண்டும்.

இந்த விதியைச் சலிப்போடு பார்ப்பவர்கள் பலர். விலை கொடுத்து வாங்கிய பந்து கண்ணெதிரே கிடக்கும்போது இரண்டடி உள்ளே வைத்து எடுத்தால் என்ன கெட்டுவிடும் என்று கேட்கிறார்கள். முக்குளிப்பான் நீர்ச்செடிகளுக்கு நடுவே மிதக்கும் கூடு கட்டும் பறவை. கூட்டைவிட்டு அகலும்போது முட்டைகளை ஈரத் தழைகளால் மூடிவிட்டுப் போகும். வெளியே நிற்பவர் கண்ணுக்கு அது அழுகிய தழைக் குவியலாகவே தெரியும். பந்தைத் துழாவும் மட்டைக்கும் சேற்றில் ஊன்றும் காலுக்கும் அது எப்படித் தெரியும்? இது பறவைகளோடு முடிவதுமில்லை. கரையை மிதித்துச் சேறாக்கினால் வேர்கள் அறுந்து மண் நீருக்குள் சரிகிறது. கரையோரம் வெட்டாமல் விடப்பட்டிருக்கும் உயரமான புல்வரிசையைப் பராமரிப்பின் குறை என்று குறை கூறுபவர்களும் இருக்கிறார்கள். ஃபேர்வேக்கும் கிரீனுக்கும் இடும் உரத்தின் நைட்ரஜனும் பாஸ்பரஸும் மழைநீரோடு குளத்துக்குள் இறங்கிப் பாசி மண்டாமல், ஓரளவேனும் தடுத்து நிறுத்துவது அந்தப் புல்வரிசைதான்.

பொழுதுபோக்குக்காக நிலத்தையும் நீரையும் இவ்வளவு செலவிடும் விளையாட்டு, ஈரநிலத்தைக் காப்பதாகப் பெருமை பேசலாமா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். பறவைகள் நாடிவரும் சதுப்பை நிரப்பிப் புதிதாகத் திடல் அமைப்பதை நான் ஆதரிக்கவில்லை. ஏற்கெனவே அமைந்துவிட்ட திடலில் எஞ்சியிருப்பதை மிதிக்காமல் ஆடுவதைப் பற்றியே பேசுகிறேன். அங்கே ஆட்டக்காரர் விட்டுக்கொடுப்பது ஒரு பந்தும் ஓர் அடியும் மட்டுமே. சொல்லப்போனால், அந்த விட்டுக்கொடுத்தலே ஆட்டத்தைக் கூர்மையாக்குகிறது. கரையில் இறங்கி மீட்டுவிடலாம் என்ற எண்ணம் இல்லாதபோது, டீ மேடையிலேயே, நெடுந்தூரம் அடிக்கும் மட்டையான டிரைவரை வைத்துவிட்டு, பந்து நீருக்கு முன்னே நிற்கும்படியான சிறிய மட்டையை எடுக்கலாமா என்று யோசிக்கத் தோன்றுகிறது. வலிமையாக அடிக்கத் தெரிந்தவரைவிடத் தன் அடி எவ்வளவு தூரம் போகும் என்பதை நேர்மையாக அறிந்தவருக்கே அந்த இடம் வசப்படும்.

ஆகவே தங்கள் நாளிதழுக்கு ஒரு வேண்டுகோள். நீரும் மரமும் சூழ்ந்த திடலின் படத்தை வெளியிடும்போது, அதில் பச்சை முனையிட்ட குச்சிகள் தெரிந்தால், அவை எதற்கு என்பதைப் படத்தின் கீழ் ஒரு வரியிலாவது குறிப்பிடுங்கள். போட்டிச் செய்திகளில் ஓர் ஆட்டக்காரர் குறிப்பிட்ட குழியில் அடிகளை இழந்தார் என்று எழுதும்போது, பந்து காட்டில் தொலைந்ததா, நீரில் விழுந்ததா, அல்லது அடிக்கக் கூடிய நிலையில் கிடந்தும் விதிப்படி விட்டுவிட்டு வந்தாரா என்பதையும் சேர்த்து எழுதினால், இந்த ஆட்டத்தை இதுவரை பார்த்திராத வாசகரும் அதைப் பின்தொடர முடியும்.

இப்படிக்கு,
தங்கள் வாசகர் ஒருவர்