அந்த நாற்பது நிமிடத்தைப் பிள்ளைகளிடமே விட்டுவிடுங்கள்

குமரி மாவட்டத்துப் பள்ளித் தலைமையாசிரியர்களுக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தில் இருப்பவர்களுக்கும் வணக்கம்.

நான் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியன். அருமனைப் பக்கம் ஒரு பள்ளி, அப்புறம் கடற்கரையோரம் ஒன்று, கடைசியாக நாகர்கோவிலுக்குள் ஒன்று என்று 29 வருடம் விசிலோடு நின்றிருக்கிறேன். போன வாரம் எட்டாம் வகுப்புப் படிக்கும் என் பேத்தி சொன்னாள்: "தாத்தா, இந்த வருஷம் பி.டி. பீரியடு மூணு தடவதான் கெடச்சுது. மத்ததெல்லாம் கணக்கு, இல்லேன்னா சயின்ஸ்." குறை சொல்லும் குரலில்கூட அவள் சொல்லவில்லை, நேற்று மழை பெய்தது என்பதுபோலச் சொன்னாள். அதைக் கேட்டபிறகு சும்மா இருக்க முடியவில்லை.

உங்களுக்கு இருக்கும் நெருக்கடி எனக்குத் தெரியும். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு தமிழ்நாட்டிலேயே முதலில் நின்ற மாவட்டம் இது. 2022-இல் பத்தாம் வகுப்புத் தேர்ச்சியிலும் நாம்தான் முதலிடம். அடுத்த வருடம் அரை சதவீதம் குறைந்தால் ஆய்வுக் கூட்டத்தில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். அதனால் கணக்கு ஆசிரியர் வந்து "சார், இந்த ஒரு பீரியடு மட்டும்" என்று கேட்கும்போது உங்களால் மறுக்க முடியவில்லை. ஆனால் அந்தக் கடன் ஒருநாளும் திரும்பி வந்ததில்லை. ஐந்து வயது முதல் பதினேழு வயது வரை உள்ள பிள்ளை ஒரு நாளைக்குச் சராசரியாக 60 நிமிடமாவது நன்றாக மூச்சு வாங்க ஓடியாட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. நாம் கொடுப்பது வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ நாற்பது நிமிடப் பாடவேளை, அதையும் பறித்தால் மிச்சம் என்ன இருக்கிறது? பள்ளி விட்டால் டியூஷன், டியூஷன் விட்டால் போன்.

நம் ஊரில் இன்னொரு சிக்கல் உண்டு, அதைச் சென்னையில் அட்டவணை போடுகிறவர்கள் யோசிக்க மாட்டார்கள். நமக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்குப் பருவமழையும் உண்டு. ஜூன், ஜூலையில் மைதானம் சேறு, அக்டோபர் முதல் டிசம்பர் வரை மறுபடியும் சேறு, நடுவில் காலாண்டுத் தேர்வு, அரையாண்டுத் தேர்வு, பிறகு திருப்புதல் தேர்வு. கூட்டிக் கழித்தால் நல்ல தரையில் ஓடுகிற நாள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். மழை பெய்தால் பி.டி. இல்லை என்று முடிவு செய்துவிடுகிறோம். வராந்தா இருக்கிறதே! ஒரு வகுப்புக்கு இருபது ஸ்கிப்பிங் கயிறு வாங்க எவ்வளவு ஆகும்? நான் அருமனைப் பக்கம் இருந்தபோது மழை நாட்களில் சத்துணவுக்கூடத்துத் திண்ணையில் கயிறு தாண்ட விடுவேன், ஒரு மூலையில் கேரம், ஒரு மூலையில் சதுரங்கம், நாலு பேருக்கு யோகாசனம். சத்தம் வருகிறது என்று பக்கத்து வகுப்பு ஆசிரியர் கோபப்பட்டதுண்டு. ஆனால் அடுத்த பாடவேளையில் அந்தப் பிள்ளைகள் தூங்கி விழுந்ததில்லை, அதை அவரே பிறகு சொன்னார்.

இனி மனதை அறுக்கிற விஷயத்துக்கு வருகிறேன். ஒரு பள்ளியில் என் கைப்பந்து அணியில் ஒரு பையன் இருந்தான். அப்பா கடலுக்குப் போகிறவர். நல்ல உயரம், பந்து எங்கே வரும் என்று முன்பே தெரிந்தவன்போல நிற்பான். காலாண்டில் இரண்டு பாடம் போய்விட்டது. அக்கம்பக்கத்துப் பள்ளிகள் மோதுகிற குறுவட்டப் போட்டிக்கு நாலு நாள் இருக்கும்போது, மார்க் வாங்காதவனுக்கு விளையாட்டு எதற்கு என்று பெயரை அடித்துவிட்டார்கள். நான் வாதாடினேன், பலிக்கவில்லை. அவன் அழவில்லை, வலையைச் சுருட்டி என் அறையில் வைத்துவிட்டுப் போனான். அரையாண்டுக்கு முன்பே பள்ளிக்கு வருவதை நிறுத்திவிட்டான். இரண்டு பாடத்தில் தோற்றவனுக்குத் தான் ஜெயிக்கிற ஒரே இடம் அந்த மைதானம்தான், அதையும் பிடுங்கினால் அவன் எதற்காகக் காலையில் பை தூக்கிக்கொண்டு வர வேண்டும்? தயவுசெய்து விளையாட்டைத் தண்டனையாக நிறுத்தாதீர்கள். அதேபோல ஓட்டத்தைத் தண்டனையாகக் கொடுக்கவும் செய்யாதீர்கள். தாமதமாக வந்தால் மைதானத்தை ஐந்து சுற்று ஓடு என்கிறோம். ஓடுவது என்றாலே அவமானம் என்று பிள்ளைக்கு நாமே கற்றுக்கொடுத்துவிட்டு, விளையாட்டு விழாவில் ஓட ஆள் இல்லை என்று வருத்தப்படுகிறோம். உடலை வருத்தும் தண்டனையும் மனதை நோகடிப்பதும் கூடாது என்று 2009-ஆம் வருடத்துக் கல்வி உரிமைச் சட்டமே சொல்லியிருக்கிறது.

தூத்தூர் கடற்கரை ஊர்களில் சாயங்காலம் போய்ப் பாருங்கள். செருப்புகூட இல்லாமல் மணலில் கால்பந்து ஆடுகிற கூட்டம் நிற்கும். இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்தியன் சூப்பர் லீக் வரை போய் ஆடினார். அந்த ஊர்க்காரர்களுக்கு ஆட்டத்தை யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை, ஆனால் அதே மாவட்டத்தில் பதினைந்து வயதுப் பெண் பிள்ளை பந்தைக் காலால் தொட்டதே இல்லை என்பதும் உண்மை. ஒன்பதாம் வகுப்பு வந்ததும் பெண் பிள்ளைகள் ஒவ்வொருவராக மரத்தடிக்குப் போய்விடுகிறார்கள். கேட்டால் வயிற்றுவலி, தலைவலி. பலமுறை உண்மையான காரணம் கழிப்பறை. தண்ணீர் குடித்தால் போக வேண்டிவரும், போனால் தாழ்ப்பாள் இல்லை, வாளி இல்லை, அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் இருக்கிற பிள்ளை வெயிலில் எப்படி ஓடும்? கழிப்பறையைச் சரிசெய்துவிட்டு அப்புறம் அவர்களை ஆட வரவில்லை என்று சொல்லுங்கள். இன்னொன்று, வாரா வாரம் கொடுக்கிற இரும்புச்சத்து மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்தால் குமட்டும், அதனாலேயே பலர் வாயில் போடுவதுபோலக் காட்டிவிட்டு வெளியே எறிகிறார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், எதற்காக என்று இரண்டு நிமிடம் சொல்லிக் கொடுங்கள். ரத்தசோகை இருக்கிற பிள்ளையைச் சோம்பேறி என்று நானே திட்டியிருக்கிறேன், இன்றைக்கும் அதை நினைத்தால் வருத்தமாக இருக்கிறது.

விளையாட்டு விழா பற்றியும் சொல்ல வேண்டும். அறுநூறு பிள்ளைகள் படிக்கிற பள்ளியில் நாற்பது பேர் ஓடுகிறார்கள், மற்றவர்கள் வெயிலில் உட்கார்ந்து கை தட்டுகிறார்கள், மேடையில் பேச்சு ஒன்றரை மணி நேரம். அதற்குப் பதிலாக வகுப்புக்கு வகுப்பு போட்டி வையுங்கள், ஒவ்வொரு பிள்ளையும் ஏதாவது ஒரு அணியில் இருக்கட்டும். நான் கடைசி ஐந்து வருடம் ஒரு நோட்டு வைத்திருந்தேன். ஜூனில் மழை விட்ட ஒருநாள் ஒவ்வொருவரையும் 50 மீட்டர் ஓடவிட்டு நேரத்தை எழுதுவேன், ஜனவரியில் மறுபடியும். யார் தன் பழைய நேரத்தைக் குறைத்தார்களோ அவர்கள் பெயரைக் காலை வழிபாட்டில் வாசிப்பேன். 11.4 விநாடியிலிருந்து 10.1-க்கு வந்த ஒரு குண்டுப் பிள்ளை இருந்தாள். அவள் யாரையும் முந்தவில்லை. ஆனால் அன்றைக்கு அவளைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பையன்களே கை தட்டினார்கள், அதற்குப் பிறகு அந்தப் பட்டப்பெயரை நான் கேட்டதில்லை. மரியாதையாகப் பழகுங்கள் என்று எத்தனை நாள் வழிபாட்டில் பேசியிருப்போம், அந்தக் கைதட்டல் செய்ததை அந்தப் பேச்சு செய்ததில்லை.

கால் ஊனமான ஒரு பையனை ஸ்கோர் எழுத உட்கார வைத்துவிட்டு, அவனையும் சேர்த்துக்கொண்டேன் என்று திருப்தியாக இருந்தேன். ஒருநாள் "சார், நானும் எறியட்டுமா?" என்று கேட்டான். நாற்காலியில் உட்கார்ந்தபடியே குண்டு எறிந்தான். இரண்டு வருடம் அவனை வெறும் பேனாவோடு உட்கார வைத்திருந்திருக்கிறேன்.

ஜூன் மாதம் அட்டவணை போடும்போது பி.டி. பாடவேளையைப் பேனாவால் எழுதுங்கள், பென்சிலால் வேண்டாம். பத்தாம் வகுப்புக்கும் எழுதுங்கள். விளையாட்டு விழா அன்று கலர் பானத்துக்குப் பதில் மோரும் மட்டி வாழைப்பழமும் கொடுங்கள், நம் ஊர்ப் பழம்தானே. உடற்கல்வி ஆசிரியர் இல்லாத சின்னப் பள்ளிகள் நிறைய இருக்கின்றன என்று தெரியும். திங்கள்சந்தையிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரத்துக்குள் வந்து சேரக்கூடிய எந்தப் பள்ளியாக இருந்தாலும் செவ்வாயும் வெள்ளியும் நான் வருகிறேன், சம்பளம் வேண்டாம். பந்துக்குக் காற்றடிக்கிற பம்பும் விசிலும் இன்னும் என்னிடம் இருக்கின்றன.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
திங்கள்சந்தை