சோடியம் வடிந்த பிறகு: கல்பாக்கம் சோதனை ஈனுலை குறித்து ஒரு திறந்த மடல்

இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தின் இயக்குநர் அவர்களுக்கும், அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் தலைவர் அவர்களுக்கும் வணக்கம்.

இப்பகுதிப் பள்ளி ஒன்றில் வேதியியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். ஆண்டுதோறும் பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் காட்டுவதற்காக, மண்ணெண்ணெய்ப் புட்டியிலிருந்து இடுக்கியால் ஒரு சோடியத் துண்டை எடுத்து, வடிதாளில் ஒற்றிக் கத்தியால் நறுக்குவேன். நறுக்கிய முகம் வெள்ளியாக மின்னும். கடைசி வரிசைப் பிள்ளை எட்டிப் பார்ப்பதற்குள் மங்கிவிடும். மிளகளவுத் துணுக்கைத் தண்ணீரில் இட்டால் சீறிக்கொண்டு ஓடும். அதுவரை கவலையில்லை. வகுப்பு கலைந்தபின் கத்தியிலும் வடிதாளிலும் ஒட்டியிருக்கும் மிச்சத்தை என்ன செய்வது என்பதுதான் எனக்கு எப்போதும் தலைவலி. கூடையில் போட்ட தாள் ஒருமுறை புகையத் தொடங்கியதும் உண்டு.

கல்பாக்கம் சோதனை ஈனுலையைக் குளிர்விப்பதும் உருகிய சோடியமே. அதை வடித்த பிறகு உலைக்குள் ஒட்டியிருக்கப்போகும் அத்தகைய மிச்சத்தைப் பற்றித்தான் இம்மடல்.

கல்பாக்கத்தின் சோதனை வேக ஈனுலை (ஈனுலை என்பது எரிபொருளை எரித்தபடியே புதிய எரிபொருளையும் உண்டாக்கும் அணு உலை வகை) 1985 அக்டோபர் 18 அன்று முதன்முதலாகத் தானே நீடிக்கும் அணுப்பிளவுத் தொடர்வினையை எட்டியது. புளூட்டோனியமும் யுரேனியமும் கலந்த கார்பைடு எரிபொருளையே முதன்மையாகக் கொண்டு உலகில் முதலில் இயங்கிய உலை அது. சிறிய எரிபொருள் மையத்துடன் தொடங்கிப் படிப்படியாக வளர்ந்து, 2022 மார்ச்சில்தான் தன் முழு வடிவமைப்புத் திறனான 40 மெகாவாட் வெப்பத்தைத் தொட்டது. இத்தனை ஆண்டுகள் அதை நடத்திக் காட்டியவர்கள்மீது எனக்கு மதிப்பு உண்டு. ஆயினும் எந்த உலைக்கும் ஒருநாள் ஓய்வு உண்டு. இந்தியா இதுவரை சோடியம் உலை எதையும் பிரித்து அகற்றியதில்லை. மும்பை டிராம்பேயின் சைரஸ் ஆராய்ச்சி உலை 2010 டிசம்பர் 31 அன்று நிறுத்தப்பட்டது உண்மைதான். ஆனால் அது கனநீர் உலை. அங்கே கற்ற பாடம் சோடியத்துக்கு முழுதாகப் பொருந்தாது.

பொருந்தும் பாடம் பிரான்சில் இருக்கிறது. நம் சோதனை ஈனுலைக்கு முன்மாதிரியாக அமைந்தது அங்கே கதராஷ் அணு ஆராய்ச்சி மையத்தில் 1967இல் தொடர்வினையை எட்டிய ரப்சோதி உலை. 1983இல் அது நிறுத்தப்பட்டது. பெரும்பகுதிச் சோடியம், அதாவது 37 டன், எரிகாரமாக (சோடியம் ஹைட்ராக்சைடாக) மாற்றப்பட்டது. அதன்பின், 1994 மார்ச் 31 அன்று, தொட்டியொன்றில் தங்கிவிட்ட ஏறக்குறைய 100 கிலோ எச்ச சோடியத்தை ஆல்கஹால் வகைத் திரவத்தால் கரைத்துச் சுத்தம் செய்தபோது, வினை கட்டுமீறித் தொட்டி வெடித்தது. ஒருவர் உயிரிழந்தார், நால்வர் காயமுற்றனர். உலை இயங்கியபோது நேராத உயிரிழப்பு, அது நின்று பதினோரு ஆண்டுகள் கழித்து, டன் கணக்கில் அகற்றிய பிறகு எஞ்சிய சில்லறையால் நேர்ந்தது.

காத்திருந்தால் கதிரியக்கம் தணியும் என்பது சரியே. உலையில் உருவாகும் கதிரியக்கப் பொருள்களில் சோடியம்-24 பதினைந்து மணி நேரத்தில் பாதியாகிவிடும், சோடியம்-22க்கு 2.6 ஆண்டுகள், கோபால்ட்-60க்கு ஐந்தே கால் ஆண்டுகள். ஆனால் சோடியத்தின் வேதிக்குணத்துக்கு அரைவாழ்வு கிடையாது. குழாய் வளைவுகளிலும், வடியாத முட்டுச் சந்துகளிலும், வால்வு மடிப்புகளிலும் உறைந்து கிடப்பது எத்தனை ஆண்டு கழித்தும் ஈரத்தைக் கண்டால் சீறவே செய்யும். எந்த வளைவில் எவ்வளவு தேங்கும் என்பது வரைபடத்தைவிட அதைப் பொருத்தியவர் கைக்குத்தான் நன்றாகத் தெரியும். 1987 மே மாதம் நம் சோதனை ஈனுலையில் எரிபொருள் கட்டு ஒன்று இடம் மாற்றும்போது வளைந்து, வழிகாட்டிக் குழாயும் சேதமடைந்து, 1989 வரை உலை நின்றிருந்ததே, அதைத் தொலைவிலிருந்தே கருவிகளால் சரிசெய்தவர்களின் அனுபவம் நாளைய பிரிப்புப் பணிக்குப் பொன் போன்றது. 1985இல் இருபத்தைந்து வயதில் பணியில் இருந்தவர் 2020இலேயே ஓய்வு பெற்றிருப்பார். அவர்களில் சிலரை மாலை நடையில் சந்திக்கிறேன். கேட்டால் வால்வு எண் வரை சொல்கிறார்கள். கேட்பதற்குத்தான் ஆளில்லை.

ஆகவே என் வேண்டுகோள் இது. உலை ஓடிக்கொண்டிருக்கும் இப்போதே, ஓய்வுபெற்ற பொறியாளர்களையும் தொழில்நுட்பர்களையும், குறிப்பாக வெல்டர்களையும் ஃபிட்டர்களையும், அழைத்து உட்காரவைத்து, எச்ச சோடியம் தங்கக்கூடிய ஒவ்வோர் இடத்தையும் படத்தோடு பதிவு செய்யுங்கள். உலையை மூடி அகற்றும் திட்டத்தின் சுருக்கத்தைத் தமிழில் வெளியிடுங்கள்: சோடியம் எந்த முறையில் நடுநிலையாக்கப்படும், கிடைக்கும் எரிகாரம் எங்கே போகும், அப்பணி நடக்கும் நாள்களில் சதுரங்கப்பட்டினத்துக்கும் புதுப்பட்டினத்துக்கும் யார் தகவல் சொல்வார் என்பவை அதில் இருக்கட்டும். பணத்தைப் பற்றியும் ஒரு வரி வேண்டும். அணுமின் நிலையங்களுக்கென யூனிட்டுக்கு 2 பைசா வீதம், உலையை மூடி அகற்றும் செலவுக்காக மின்கட்டணத்தோடு வசூலிக்கப்படுகிறது; ஆராய்ச்சி உலையோ மின்சாரம் விற்றுப் பிழைப்பதன்று, அதன் இறுதிச் செலவு அரசின் வரவு செலவுத் திட்டத்திலிருந்தே வர வேண்டும்.

சிறிய உலைக்கு இத்தனை ஆரவாரமா என்று தோன்றலாம். பக்கத்திலேயே கட்டப்பட்டுள்ள 500 மெகாவாட் முன்மாதிரி ஈனுலைக்கு வேண்டிய சோடியம் சுமார் 1,750 டன். சின்னதில் கைபழகிக்கொள்ளாமல் அதை நெருங்க முடியாது என்பதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

உங்கள் பதிலை ஊராட்சி அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினாலும் போதும், படித்துக்கொள்வோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியர்,
சதுரங்கப்பட்டினம்.