மேல்முறையீட்டுக் கெடுவைத் தீர்ப்பு நாளன்றே சொல்ல வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நீதிமன்ற நகல் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். உரிமையியல் வழக்கில் தோற்றவர்கள் மேல்முறையீட்டு வாய்ப்பையும் இழப்பதை அங்கே பலமுறை கண்டிருக்கிறேன். அவர்களில் பலருடைய வழக்கில் வலு இருந்தது. நாள்கணக்குதான் அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்ய 90 நாள்களும் மற்ற நீதிமன்றங்களில் 30 நாள்களும் உண்டு. தீர்ப்பின் முடிவை முறைப்படி எழுதித் தரும் தீர்ப்பாணை (டிகிரி) எப்போது எழுதி முடிக்கப்பட்டாலும் அதில் இடப்படுவது தீர்ப்பு சொன்ன நாளின் தேதியே என்பதால், கெடு அன்றிலிருந்தே ஓடத் தொடங்கிவிடுகிறது. சான்றிட்ட நகல் பெறுவதற்குத் தேவைப்படும் நாள்களை அச்சட்டத்தின் 12ஆம் பிரிவு கழித்துத் தருகிறது. ஆனால், நகல் மனு போடுவதற்கு முன்பு தீர்ப்பாணை தயாரிக்க நீதிமன்றம் எடுத்துக்கொண்ட நாள்கள் கழியாது என்று அதே பிரிவின் விளக்கம் தெளிவாகச் சொல்கிறது. "டிகிரி தயாராகட்டும், பிறகு மனு போட்டுக்கொள்ளலாம்" என்று காத்திருப்பவரின் நாள்கள் இப்படித்தான் கரைந்துபோகின்றன. தீர்ப்பு வந்த அன்றோ மறுநாளோ நகல் மனு போட்டுவிடுவதே பாதுகாப்பு.

நகலில் இடப்படும் முத்திரையில் மனு செய்த நாள், நகல் தயாரான நாள், நகலைப் பெற்ற நாள் எல்லாம் தனித்தனியாகக் குறிக்கப்பட்டிருக்கும். தயாராகிப் பல வாரங்கள் கழித்து நகலை வாங்க வந்த மூதாட்டி ஒருவர், "கையில் வாங்கிய நாளிலிருந்துதானே ஐயா கணக்கு?" என்று கேட்டார். தயாரான நாளோடு கழிவு முடிந்துவிடுகிறது என்று நான் சொன்னபோது, அந்த முத்திரையை விரலால் தடவிக்கொண்டே வெகுநேரம் நின்றார். தாமதத்தை மன்னிக்கக் கோரி 5ஆம் பிரிவின்கீழ் மனு செய்யலாம்தான். ஆனால் போதிய காரணம் உண்டென்று நீதிமன்றம் ஏற்றால்தான் அது பலிக்கும், கேட்டவுடன் கிடைக்கும் உரிமையன்று.

மேல்முறையீடு தாக்கலானதுமே கீழ் நீதிமன்றத் தீர்ப்பு நின்றுவிடும் என்ற நம்பிக்கையும் தவறு. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆவது கட்டளை, 5ஆவது விதிப்படி, தடையாணையைத் தனியே கேட்டுப் பெற வேண்டும். இது தெரியாமல், தீர்ப்பை நிறைவேற்ற வரும் நீதிமன்ற ஊழியரான அமீனா வாசலில் வந்து நின்ற பிறகு வழக்கறிஞரைத் தேடி ஓடியவர்கள் உண்டு.

மேல்முறையீடு எந்த நீதிமன்றத்தில், எத்தனை நாள்களுக்குள் என்பதைத் தீர்ப்பு வழங்கும்போதே அங்கிருக்கும் தரப்பினருக்கு அறிவித்துப் பதிவு செய்ய வேண்டும் என்று அதே சட்டத்தின் 20ஆவது கட்டளை, 5ஏ விதி ஏற்கெனவே சொல்கிறது. இரு தரப்புக்கும் வழக்கறிஞர் இருந்தால் மட்டும் இதற்கு விலக்கு. அந்த விலக்கை நீக்க வேண்டும் என்பதே என் வேண்டுகோள். வழக்கறிஞர் இருந்தும் தீர்ப்பு நாளன்று நீதிமன்றத்துக்கு வராத, விவரம் தெரியாத கட்சிக்காரர்கள் ஏராளம். மேல்முறையீட்டு நீதிமன்றம், கெடு, நகல் மனுவை உடனே போட வேண்டிய அவசியம், 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டப்படி பெண்களுக்கும் பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் வருமான வரம்பின்றிக் கிடைக்கும் இலவச சட்ட உதவி ஆகியவற்றைத் தமிழில் அச்சிட்ட ஒரு தாளைத் தோற்ற தரப்பினர் ஒவ்வொருவருக்கும் தீர்ப்பு நாளன்றே அனுப்ப நீதித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற நீதிமன்ற ஊழியர்