இரவு டூட்டிக்கு மறுநாள் ஓய்வும், விடுதிக்கு மனநல ஆலோசகரும் கோரி மனு

அனுப்புநர்:
மூன்றாம் ஆண்டு பி.எஸ்சி. நர்சிங் மாணவிகள், சென்னை.

பெறுநர்:
உயர்திரு செவிலியர் கல்வி அதிகாரி அவர்கள், சென்னை.

மதிப்பிற்குரிய அம்மா,

வணக்கம். இதே கோரிக்கையை முன்பும் எழுதிக் கொடுத்தோம். சீல் போட்ட நகல் இருக்கிறது, பதில்தான் வரவில்லை. பூந்தமல்லி நெடுஞ்சாலையை ஒட்டிய எங்கள் விடுதி தாங்கள் ஆய்வு செய்த இடம்தான்.

1. தண்ணீர், சாப்பாட்டுக் குறைகளைச் சமாளித்துக்கொள்கிறோம்.

2. இரவு டூட்டி முடிந்து, அடுத்த ஷிப்டில் வருபவர்களிடம் நோயாளிகளை ஒப்படைத்து ஓவர் கொடுத்துவிட்டு விடுதிக்கு வர எட்டே முக்கால் ஆகிறது. ஒன்பதரைக்கு வகுப்பு. பல நாள் இன்டர்னல் தேர்வும் அன்றைக்கே. போன மாதம் ஒரு மாணவியின் கண்முன்னே நோயாளி இறந்தார். உடலைக் கட்டிக் கொடுத்துவிட்டு நேராக வகுப்புக்கு வந்தாள். நன்றாக மார்க் வாங்கியவள், இப்போது புத்தகத்தைத் திறந்தால் ஒன்றும் ஏறவில்லை என்கிறாள். இரண்டு பேப்பர் போயிற்று. "அக்கறை இல்லை" என்று ஊரிலிருந்து அவள் அப்பாவை வரவழைத்துச் சொன்னார்கள். அவள் தூங்குகிறாளா என்று ஒருவரும் கேட்கவில்லை.

3. லீவு எடுக்கலாமே என்பார்கள். டிகிரிக்கு முன் வார்டுப் பயிற்சியில் 100 சதவீத வருகை வேண்டும் என்பது நர்சிங் கவுன்சில் விதி. இன்று எடுத்த லீவைப் பொங்கலுக்கு டூட்டி பார்த்து ஈடுகட்ட வேண்டும். அதனால் அழுதுகொண்டாவது போகிறோம். ஊசி மருந்தில் அளவு தவறினால் யார் பொறுப்பு, அம்மா?

4. இந்த ஆண்டுதான் மனநலச் செவிலியம் படிக்கிறோம். தூக்கமின்மை, பசியின்மை, கவனச் சிதறல் என்று அறிகுறிகளை டீச்சர் அடுக்க, பின் பெஞ்சில் ஒருத்தி "நம்ம ரூம் லிஸ்ட்டுடி" என்றாள். கீழ்ப்பாக்கம் மனநலக் காப்பகத்துப் போஸ்டிங்கில் நோயாளி பக்கத்தில் உட்கார்ந்து பொறுமையாகக் கேட்கப் பழக்குகிறார்கள். நாங்கள் சொல்வதைக் கேட்க யார்? 14416 என்ற மனநல உதவி எண்ணுக்குப் பேசு என்கிறார்கள். சரி, நல்ல சேவைதான், எட்டுப் பேர் படுக்கும் அறையில் எப்படிப் பேசுவது? 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரிகளில் மாணவர்களின் மனநலத்துக்காகத் தொடங்கிய 'மனம்' மன்றம் போல எங்களுக்கும் ஏதாவது வேண்டாமா? டாக்டருக்குப் படிப்பவர்களும் நாங்களும் பார்ப்பது அதே சாவுகளைத்தானே!

5. இரவு டூட்டிக்கு மறுநாள் வகுப்பும் தேர்வும் வேண்டாம். வாரத்தில் ஒரு நாளாவது ஆலோசகர் வரட்டும். அவர் எங்கள் ஆசிரியராகவோ வார்டனாகவோ இருக்கக் கூடாது. சொன்னதெல்லாம் இன்டர்னல் மார்க்கில் எதிரொலிக்கும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு.

செமஸ்டர் தேர்வுக்கு முன் உத்தரவு போடுங்கள் அம்மா. தூங்க ஒரு பகல், பேச ஓர் ஆள், வேறொன்றும் கேட்கவில்லை. கையெழுத்துகளைத் தனித்தாளில் இணைத்துள்ளோம். தயவுசெய்து அந்தத் தாளைக் கல்லூரிக்கு அனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
மாணவிகள்